அறை வாடகையில் ஒளிந்திருக்கும் கணக்கு: ஆஸ்பத்திரி பில்லைக் குறைக்க ஓர் எளிய விளக்கம்

மூன்று லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆபரேஷன் பில் வந்ததோ ஒன்றரை லட்சத்துச் சொச்சம்தான். அப்படியிருந்தும் டிஸ்சார்ஜ் அன்று கையிலிருந்து ஐம்பதாயிரம் கட்டச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "ரூம் எலிஜிபிலிட்டி தாண்டிடுச்சு சார்" என்று கவுண்டரில் ஒரே வரியில் பதில் வரும். பின்னால் வரிசை நிற்கிறது, நோயாளி வீல்சேரில் காத்திருக்கிறார். பெரும்பாலானவர்கள் அதற்குமேல் கேட்காமல் கார்டைத் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் உள்ள கணக்கைப் புரிந்துகொண்டால் பில்லின் பாதிப் பூட்டு திறந்துவிடும். முதலில் அதைப் பார்ப்போம். மருந்துக் கடை, அரசுத் திட்டம் எல்லாம் பிறகு.

பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் ஒரே ஆபரேஷனுக்கு ஒரே விலை கிடையாது. பொது வார்டு, இருவர் அறை, தனி அறை, டீலக்ஸ் என்று நீங்கள் எடுக்கும் அறைக்கு ஏற்ப அறுவை சிகிச்சை நிபுணரின் கட்டணம், மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், தியேட்டர் வாடகை, நர்சிங் கட்டணம், டாக்டர் வந்து பார்க்கும் ஒவ்வொரு விசிட்டின் கட்டணம் எல்லாமே மாறும். கத்தி அதே கத்தி, டாக்டரும் அதே டாக்டர். ஆனால் தனி அறைக்காரருக்கு ஒரு விலை, பொது வார்டுக்காரருக்கு வேறு விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான். அறையின் வாடகை சுண்டைக்காய். அதன் முதுகில் ஏறி வரும் மற்ற கட்டணங்கள்தான் சுமைகூலி.

இது காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தெரியும். அதனால்தான் பல பாலிசிகளில், குறிப்பாகப் பழைய திட்டங்களிலும் அலுவலகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டிலும், அறை வாடகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். கவுண்டரில் சொன்ன 'எலிஜிபிலிட்டி' இதுதான். வழக்கமான அளவு: காப்பீட்டுத் தொகையில் ஒரு நாளைக்கு 1 சதவீதம், ஐசியுவுக்கு 2 சதவீதம். மூன்று லட்சம் பாலிசி என்றால் அறைக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய், ஐசியுவுக்கு 6,000 ரூபாய். அந்த வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால், தாண்டிய வாடகையை மட்டும் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அடி விழுவது அங்கேதான். வாடகை எந்த விகிதத்தில் தாண்டியதோ அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். இதை விகிதாசாரக் கழிவு எனலாம். பில்லில் 'ப்ரபோர்ஷனேட் டிடக்ஷன்' என்று இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். பித்தப்பைக் கல் ஆபரேஷன், நான்கு நாள் தங்கல், 3 லட்சம் பாலிசி, வரம்பு 3,000. நோயாளி எடுத்தது 5,000 ரூபாய் அறை.

அறை வாடகை: 20,000
டாக்டர்கள், தியேட்டர், நர்சிங்: 90,000
மருந்து மற்றும் உபயோகப் பொருட்கள்: 32,000
ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்: 14,000
மொத்தம்: 1,56,000

வரம்பு 3,000, எடுத்தது 5,000. ஆக விகிதம் 60 சதவீதம். வாடகையில் காப்பீடு தருவது 12,000. டாக்டர், தியேட்டர் வகையறாவான 90,000-இல் 60 சதவீதம், அதாவது 54,000. மருந்துக் கணக்கில் கையுறை, முகக்கவசம் போன்ற 'கொடுக்கப்படாத' பொருட்கள், அதாவது காப்பீடு பணம் தராதவை, 6,000 என்று வைத்துக்கொண்டால் மீதி 26,000 கிடைக்கும். பரிசோதனைக்கு முழு 14,000. கூட்டினால் காப்பீடு தருவது 1,06,000. உங்கள் கையிலிருந்து 50,000. வாடகை வித்தியாசம் நாலு நாளைக்கு வெறும் 8,000தான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு 36,000 போயிருக்கிறது.

இதே ஆள் 3,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால்? வாடகை 12,000. அறை வகை கீழே வந்ததால் டாக்டர், தியேட்டர் கட்டணமும் இறங்கி 75,000 என்று கொள்வோம். மருந்தும் பரிசோதனையும் அதே அளவு. மொத்தம் 1,33,000. கையிலிருந்து போவது அந்த 6,000 மட்டும். ஒரு சோபாவும் சின்ன ஃபிரிட்ஜும் கூடுதலாக உள்ள அறைக்கு நான்கு நாளில் 44,000 ரூபாய் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனை பேர் அந்த அறையை எடுப்பார்கள்?

இந்தக் கழிவிலும் காப்பீட்டு நிறுவனம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் கொண்டுவந்த விதிகளின்படி மருந்து, உபயோகப் பொருட்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் விகிதாசாரக் கழிவு செய்யக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் செய்யக் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையாக இருந்தால் இந்தக் கழிவுக்கே இடமில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு தந்தோம் என்று காப்பீட்டு நிறுவனம் காட்டும் செட்டில்மென்ட் தாளில் சில நேரம் மொத்த பில்லையும் 60 சதவீதமாக வெட்டியிருப்பார்கள். மேலே சொன்ன கணக்கில் மருந்து 26,000, பரிசோதனை 14,000, ஆக 40,000-இலும் கைவைத்தால் உங்களுக்கு இன்னொரு 16,000 நஷ்டம். செட்டில்மென்ட் தாளை வாங்கி, எந்த வரியில் எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று பார்த்து, 'மருந்திலும் பரிசோதனையிலும் கழித்தது விதிக்குப் புறம்பு' என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தானாக முன்வந்து திருப்பித் தருவதில்லை.

பாலிசியில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?

நாற்பது ஐம்பது பக்கப் புத்தகத்தை முழுக்கப் படிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று பக்கங்களில் 'ஷெட்யூல்' என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். ரூம் ரென்ட் வரம்பு ரூபாயிலா, சதவீதத்திலா, அல்லது 'சிங்கிள் பிரைவேட் ஏசி ரூம்' என்று அறை வகையிலா? கோ-பே, அதாவது ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் கட்டியே ஆகவேண்டிய பங்கு, எத்தனை சதவீதம்? கண்புரை போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குத் தனி வரம்பு உண்டா? ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு? 2024 ஏப்ரல் முதல் இந்தக் காத்திருப்பு மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இந்த நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, காப்பீட்டு அட்டையின் பின்னால் ஒட்டி வையுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அட்மிஷன் கவுண்டரில் நிற்கும்போது பிடிஎஃப் திறந்து தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

அறை வகையில் வரம்பு போட்டிருந்தால் இன்னொரு சிக்கல். உங்கள் பாலிசியில் 'சிங்கிள் ரூம்', ஆஸ்பத்திரியிலோ சிங்கிள், சிங்கிள் டீலக்ஸ், எக்ஸிக்யூடிவ் என்று மூன்று விதம். அந்த ஆஸ்பத்திரியின் மிகக் குறைந்த தனி அறை எதுவோ அதுதான் உங்களுக்குரியது என்றே நிறுவனங்கள் கணக்குப் போடும்.

புதுப்பிக்கும் சமயத்தில் அறை வரம்பை நீக்கும் கூடுதல் பாதுகாப்பையும், கையுறை முதலான உபயோகப் பொருட்களுக்கான கூடுதல் பாதுகாப்பையும் கேட்டுப் பாருங்கள். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதில் மிச்சமாகும் பணத்தை இதற்குத் திருப்பிவிடுவது நல்ல பேரம்.

அட்மிஷன் கவுண்டரில்

அறையைத் தேர்வு செய்யும் முன் சொல்லவேண்டிய ஒரே வாக்கியம்: "என் எலிஜிபிலிட்டி இவ்வளவு, அதற்குள் வரும் அறை கொடுங்கள்." அந்த அறை காலி இல்லை என்றால், காலி இல்லை என்று ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அறை காலியானதும் மாற்றிவிட வேண்டும் என்பதையும், அதுவரை கீழ் வகைக் கட்டணமே போடவேண்டும் என்பதையும் கேளுங்கள். ஆஸ்பத்திரிகள் இதற்கு ஒத்துக்கொள்வதுண்டு. அந்தக் கடிதம் காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் பிறகு முறையிடும்போது கையில் ஒரு சான்று இருக்கும். வாடகை நாளொன்றுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐசியு அல்லாத அறைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. இது 2022 ஜூலை 18 முதல் உள்ளது.

விபத்து, மாரடைப்பு என்று நேராக ஐசியுவுக்குப் போனவர்கள் ஏமாறுவது மூன்றாம் நாள். ஐசியுவிலிருந்து வெளியே மாற்றும்போது 'எந்த ரூம் வேணும்' என்று கேட்பார்கள். கண்டம் தாண்டிய நிம்மதியில் இருக்கும் குடும்பம் நல்ல அறையாகக் கேட்கும். விகிதாசாரக் கழிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். எல்லாம் சேர்த்து ஒரே தொகையான பேக்கேஜா, ஆன செலவுக்கெல்லாம் தனித்தனியாகப் போடும் திறந்த பில்லா என்று கேளுங்கள். பேக்கேஜ் என்றால் எத்தனை நாள், எந்த அறை, உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்டின் விலை அதில் சேர்ந்ததா இல்லையா, ஒரு நாள் கூடினால் எவ்வளவு என்பது தாளில் இருக்க வேண்டும். கேஷ்லெஸ், அதாவது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை, அதன் அனுமதிக்கான விண்ணப்பத்தை இரண்டு நாள் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கொடுத்துவிடுவது நல்லது. அவசர அட்மிஷன் என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிட வேண்டும். 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதைத் தாண்டியதால் ஆஸ்பத்திரி கூடுதலாக வாடகை போட்டால் அது காப்பீட்டு நிறுவனத்தின் தலையில்தான் விழ வேண்டும், உங்கள் தலையில் அல்ல.

டிஸ்சார்ஜ் நாள் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் அட்மிட் ஆன நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். சில இடங்களில் நண்பகல் 12 மணி தாண்டினால் புது நாள். முந்தைய ரவுண்ட்ஸிலேயே "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னால், டிஸ்சார்ஜ் சம்மரியை அன்று மாலையே தயார் செய்யச் சொல்லுங்கள். சம்மரி டைப் ஆகாததால் ஒரு நாள் வாடகை கூடுவது அன்றாட நடப்பு.

பில்லை எப்படிப் படிப்பது?

'மருந்து 32,000' என்ற ஒரு வரியை ஏற்காதீர்கள். பொருள் வாரியான விரிவான பில்லைக் கேட்பது நோயாளியின் உரிமை. மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமைப் பட்டியலில் இது உண்டு. மருந்தையோ பரிசோதனையையோ எங்கே செய்துகொள்வது என்று தேர்வு செய்யும் உரிமையும் அதில் உண்டு. நடைமுறையில், உள்நோயாளிக்கு வெளி மருந்தை ஏற்கப் பல ஆஸ்பத்திரிகள் முரண்டு பிடிக்கும். ஆனால் வீட்டுக்குப் போகும்போது எழுதும் ஒரு மாத மருந்தை அங்கேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது.

விரிவான பில்லில் முதலில் பார்க்கவேண்டியது மருந்தைத் திருப்பிய கணக்கு. வார்டுக்கு மொத்தமாக எடுத்த ஊசி, சலைன், ஊசிக்குழாய் எல்லாம் செலவாகியிருக்காது. டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸ் ஸ்டேஷனில் "ரிட்டர்ன் போட்டாச்சா?" என்று கேளுங்கள். படுக்கைக்குப் பக்கத்து அலமாரியில் பிரிக்காத பாக்கெட் இருந்தால் அதையும் கொடுங்கள். அடுத்து, டாக்டர் விசிட் எண்ணிக்கை. தினமும் யார் யார் வந்தார்கள் என்று கூட இருப்பவர் ஒரு நோட்டில் தேதியும் நேரமும் போட்டு வைத்தால் போதும், ஒரே விசிட் இருமுறை ஏறியிருந்தால் தெரிந்துவிடும். பேக்கேஜுக்குள் அடங்கிய தியேட்டர் கட்டணம் தனியாகவும் வந்திருக்கிறதா, ஆக்சிஜன் போட்ட மணி நேரம் சரியா, டாக்டர் நிறுத்திய ஊசி அதன் பிறகும் பில்லில் தொடர்கிறதா என்று பாருங்கள். பில்லிங் தவறுகள் எல்லாம் மோசடி அல்ல. மூன்று ஷிஃப்டில் மூன்று பேர் பதிவதால் வருபவையே அதிகம். சண்டைக்குப் போவதுபோல் இல்லாமல், வரி வரியாகக் கோடிட்டுக் கேட்டால் அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் விலையைத் தனியாகப் பாருங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. அது மொத்த விலைக் குறியீட்டோடு ஆண்டுதோறும் திருத்தப்பட்டு இப்போது 40,000-ஐ நெருங்கி நிற்கிறது. லட்சக்கணக்கில் சொன்னால் அது சட்டவிரோதம். முழங்கால் மாற்று இம்ப்ளான்டுக்கும் 2017 ஆகஸ்டிலிருந்து உச்சவிலை உண்டு. ஸ்டென்ட், இம்ப்ளான்ட் பெட்டியின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். காப்பீட்டுக்கும் அது வேண்டும்.

மாதாமாதம் வாங்கும் மருந்து

ஆஸ்பத்திரி பில் ஆண்டுக்கொரு முறையோ இரு முறையோ. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மாதாமாதம். கூட்டிப் பார்த்தால் இதுதான் பெரிய செலவாக இருக்கும் வீடுகள் நிறைய.

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாடின் என்று இருப்பதுதான் மருந்து. அதையும் பக்கத்தில் உள்ள மில்லிகிராம் அளவையும் எழுதிக்கொண்டு மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் விலை பிராண்டு மருந்தைவிடப் பாதிக்கும் கீழேயே பெரும்பாலும் இருக்கும். தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. 'எஸ்ஆர்' அல்லது 'எக்ஸ்ஆர்' என்று பெயருக்குப் பின்னால் இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. சாதாரண மாத்திரை அதற்கு மாற்றாகாது. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது.

கடைக்காரர் தானாகப் பிராண்டை மாற்றித் தரக்கூடாது என்பதால், மூலப்பெயரில் எழுதித் தரும்படி டாக்டரிடமே கேட்பதுதான் சுலபமான வழி. வலிப்பு மருந்து, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்று செய்தவர்களின் மருந்து ஆகியவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றவே வேண்டாம். அளவில் சின்ன வேறுபாடு வந்தாலும் உடம்பு காட்டிவிடும்.

சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். கட்டணம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் போதும்.

காப்பீடே இல்லையென்றால்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் 2018-இல் இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. நோய் வந்தபிறகு வருமானச் சான்றுக்கு அலைவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. அட்டை கைக்கு வரும்போது ஆபரேஷன் முடிந்திருக்கும். திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி தனியே பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம்.

சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம், வெளிமாநிலத்தவர் என்றாலும் செல்லும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு விட்டுவிடும் பணம்

கேஷ்லெஸ் முடிந்ததும் ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம். ஆனால் பல பாலிசிகளில் அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாட்களும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாட்களும் அதே நோய்க்காக ஆன செலவைத் திரும்பப் பெறலாம். நாள் கணக்கு பாலிசிக்குப் பாலிசி மாறும். ஆபரேஷனுக்கு முன் வெளியே எடுத்த ஸ்கேன், பிறகு போன ரிவ்யூ, வாங்கிய மருந்து, கட்டு மாற்றிய செலவு எல்லாம் இதில் வரும். ஒவ்வொரு பில்லுக்கும் டாக்டரின் சீட்டு சேர்ந்திருக்க வேண்டும். சீட்டில்லாத மருந்து பில்லை ஏற்க மாட்டார்கள். பரிசோதனைக்கு பில் மட்டும் போதாது, ரிப்போர்ட்டும் வேண்டும். ரத்து செய்த காசோலை ஒன்றையும் இணைத்து, பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் அனுப்ப வேண்டும்.

நியாயமில்லாமல் வெட்டினார்கள் என்று பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அதன் அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளைக் கேட்பார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கூடவே எடுத்துப்போக வேண்டியவை: பாலிசி ஷெட்யூல், விரிவான பில், செட்டில்மென்ட் தாள், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், அட்மிஷன் அன்று எழுதி வாங்கிய 'அறை காலி இல்லை' கடிதம்.